கிணற்றுக்குள் இருபது அடி ஆறு

1951ஆம் வருஷம் தை மாதம் ஒன்பதாம் தேதி காலையில், சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடி ரோட்டோரம் இருந்த மூக்காண்டியின் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. ஊறவில்லை, ஓடியது. மேற்குச் சுவரின் கல் இடுக்கிலிருந்து வெளியே வந்து, அடியில் கிடந்த கற்களின் மேல் சலசலவென்று இருபது அடி தூரம் போய், கிழக்குச் சுவருக்குள் நுழைந்துவிட்டது. ஆழம் முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ். அதற்கு முன் மூன்று வருஷமாக அந்தக் கிணறு காய்ந்து கிடந்தது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்த கருத்தப்பாண்டியின் கிணறும், மேற்கே இருந்த இரண்டு கிணறுகளும் அன்றைக்கும் காய்ந்துதான் கிடந்தன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு கட்டு வைக்கோலைச் சிவப்புச் சாயத்தில் முக்கி மேற்குச் சுவரோரம் போட்டார். அது மிதந்து கிழக்குச் சுவருக்குள் போனது. மேலநீலிதநல்லூர் வரைக்கும் கிணற்றுக்குக் கிணறு ஆள் நிறுத்தி நான்கு நாள் காத்திருந்தார். சிவப்பு வைக்கோல் எங்கும் தலைகாட்டவில்லை. 'தண்ணீர் ஓடுகிறது, குடிக்க உகந்தது' என்று எழுதிக்கொண்டு, ஒரு செம்பு வாங்கிக் குடித்தார். பல் கூசுகிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி. குடத்தில் எடுத்துவைத்தால் மத்தியானம் வரை குடத்துக்கு வெளியே வேர்த்துக்கொண்டிருக்கும். பெண்கள் முதலில் பயந்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். வாளியை மேற்குப் பக்கமாக நின்று போட வேண்டும், கிழக்கே நின்று இழுக்க வேண்டும் என்பது மூன்றே நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மழை பொய்த்து, ரேஷன் கடை வாசலிலேயே பாதி வாழ்க்கை கழிந்த வருஷங்கள் அவை. தண்ணீர் வந்த பிறகு அது வந்த விதத்தைக் கிளறிக்கொண்டிருக்க யாருக்கும் பொழுது இல்லை. கிணற்றுக்குள் பதினொரு மீன்கள் இருப்பதை முதலில் பார்த்தவன் மூக்காண்டி. எல்லாம் தலையை மேற்கே வைத்து, வாலை லேசாக ஆட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றன. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. இந்தப் பக்கத்துக் குளங்களில் அப்படி ஒரு மீன் கிடையாது. மூக்காண்டிக்கு மட்டும் அதன் பெயர் தெரியும். அது ட்ரவுட், மலையில் கூலிக்காரர்கள் சொல்லுகிறபடி துரைமீன்.

மூக்காண்டி 1929 முதல் 1948 வரை பத்தொன்பது வருஷம், மூணாறுக்கும் மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பெல்லமி துரையிடம் வேலை பார்த்தவன். வேலை என்றால் கொழுந்து கிள்ளுவதல்ல, பூச்சி கட்டுவது. துரைமார் மண்புழுவை வைத்து மீன் பிடிக்க மாட்டார்கள். அது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். இறகையும் நூலையும் வைத்துத் தூண்டில் முள்ளின் மேலேயே ஒரு பூச்சியைச் செய்து, அதைக் காட்டி மீனை ஏமாற்றினால்தான் அவர்களுக்கு மீன் பிடித்த மாதிரி. துரைக்கு மிகவும் பிடித்தது கல்பூச்சி. குளிர்ந்த ஓடைகளில் கல்லுக்கடியில் இறக்கை முளைக்காமல் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கிடக்கும். இரண்டு வால், இரண்டு மீசை, ஆறு கால், தட்டையான பழுப்பு உடம்பு. நாள் வந்ததும் கல்மேல் ஏறி முதுகுத் தோலைப் பிளந்துகொண்டு இறக்கையோடு வெளியே வரும். மீன்களுக்கு இறக்கை முளைக்காத பருவத்தில்தான் ஆசை அதிகம். மூக்காண்டி முள்ளை இடுக்கியில் பூட்டுவான். வாத்து இறகின் ஈர்க்கு இரண்டை வாலாக வைப்பான். அடியில் கல்லோடு கல்லாக உருண்டு போகவேண்டுமே, அதற்காக ஈயக்கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றுவான். தேன்மெழுகு தடவிய நூலில் முயல் ரோமத்தைத் திரித்து உடம்பாக்கி, கவுதாரி இறகில் கால் வைத்து, முதுகில் இறக்கை முளைக்கப்போகும் மொட்டுகளை அடுக்கி முடிச்சுப் போடுவான். எல்லாம் வேர்க்கடலை அளவு. இப்படிப் பத்தாயிரமாவது கட்டியிருப்பான். துரைகூடவே ஓடைக்கு நடப்பான், கோலைச் சுமப்பான், மீன் நிற்கும் இடத்தை விரலால் காட்டுவான், பிடித்த மீனை வலையில் ஏந்துவான், வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்வான். ஆனால் அந்த ஓடையில் துரைமாரைத் தவிர வேறு யாரும் தூண்டில் போடக்கூடாது என்பது சட்டம். பத்தொன்பது வருஷத்தில் மூக்காண்டி ஒரு மீன் பிடித்ததில்லை.

இந்த விஷயம் அவன் மனைவி கோமதித்தாய்க்குத் தெரியாது. அவள் கொழுந்து கிள்ளுகிற வரிசையில் இருந்தவள். சாயந்திரம் புருஷன் மீன் வாடையோடு வந்து, இன்றைக்கு ஏழு, இன்றைக்கு ஒன்பது என்று எண்ணிக்கை சொல்லுவான். எண்ணிக்கை சரிதான், பொய் இல்லை. யார் பிடித்தது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. துரை கப்பல் ஏறும்போது ஒரு பழைய மூங்கில் கோலையும், நூல் சுற்றிய உருளையையும், இடுக்கியையும், ஒரு தகர டப்பாவில் ஏழு தூண்டில் முட்களையும் மூக்காண்டிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மயிர் போல மெல்லிய, நீளத் தண்டுள்ள இங்கிலீஷ் முட்கள். ஊருக்கு வந்து, பங்காளிகள் நல்ல நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு விட்டுவைத்திருந்த ஒரு ஏக்கரில் சோளம் போட்டு, அது காய்வதைப் பார்த்துக்கொண்டே மூக்காண்டி அந்த ஏழு முட்களில் பூச்சி கட்டினான், அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். தண்ணீர் இல்லாத ஊரில் எதற்கு இந்த வேலை என்று கருத்தப்பாண்டி கேட்டபோது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னான். தை எட்டாம் தேதி, கனம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு பூச்சியை நூலில் கட்டிக் காய்ந்த கிணற்றுக்குள் எறிந்தான் என்றும், மறுநாள்தான் தண்ணீர் வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். தேதி பொருந்துகிறது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் சாட்சி இல்லை.

ஆக, நாற்பத்தைந்து வயதில் மூக்காண்டிக்குச் சொந்தமாக இருபது அடி ஆறு கிடைத்தது. சட்டம் போட ஆள் இல்லை. கிணற்றின் படிக்கற்களில் இறங்கி, கடைசிப் படியில் நின்று தூண்டில் போட்டான். அவன் நினைத்தது ஒரே ஒரு மீன். தான் கட்டிய பூச்சியில், தன் கையால் ஒரு மீன் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆனால் கிணற்றின் ஒவ்வொரு கல்லுக்கடியிலும் நிஜமான கல்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. வயிறு நிறைந்த மீன்கள் நிதானமாகக் குறை கண்டுபிடித்தன. அவன் பூச்சி உருண்டு வரும், ஒரு மீன் பக்கத்தில் வந்து பார்க்கும், ஒரு கணம் யோசிக்கும், போய்விடும். மூக்காண்டி படியில் குப்புறப்படுத்துக்கொண்டு அது எங்கே பார்த்தது என்று கவனிப்பான். கழுத்தைப் பார்த்தால் கழுத்தை இளைக்கவைப்பான், வாலைப் பார்த்தால் வாலை விரிப்பான். இதற்கிடையே மூன்று முட்கள் கல்லில் மாட்டி அறுந்தன. இரண்டு கிழக்குச் சுவருக்குள் போய் வரவில்லை. நனைவதற்காகத் தொட்டியில் போட்டுவைத்த ஒன்றைக் கருத்தப்பாண்டியின் வெள்ளாடு தண்ணீரோடு வாயில் வாங்கி, உதட்டில் மாட்டிக்கொண்டு கத்தியது. கருத்தப்பாண்டி அதைப் பிடுங்கி எங்கோ வீசி எறிந்தான். மாசி மாதம் பிறந்தபோது ஒரே ஒரு முள்தான் இருந்தது.

அந்த ஏழாவது முள்ளில் மூக்காண்டி இருபது நாள் வேலை செய்தான். நிஜப் பூச்சியை ஒரு கிண்ணத்தில் விட்டு, பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டினான். முடித்த அன்று அதைக் காய்வதற்காகத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். கோமதித்தாய் அதைப் பார்த்து விளக்குமாற்றால் மூன்று அடி அடித்தாள். மூக்காண்டி ஓடிவந்து, கோபப்படுவதற்குப் பதிலாகச் சந்தோஷத்தில் சிரித்தான். கலைந்த இறகை நீவிவிட்டு, திங்கட்கிழமை இறங்கப்போகிறேன் என்றான். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

கோமதித்தாய்க்கு ஊர்கிற ஜந்து எதுவும் ஆகாது. மலையில் இருந்த காலமெல்லாம் அட்டைகள் அவள் காலில் குடித்த ரத்தத்தைச் சேர்த்துவைத்திருந்தால் ஒரு ஆளைப் பிழைக்கவைத்திருக்கலாம். அதிலிருந்து தப்பி வந்து பார்த்தால், இங்கே குடத்துக்குள் இரட்டை வால் பூச்சி. செம்பில் ஒன்று, சோறு வடிக்கும் சட்டியில் ஒன்று. தெருப் பெண்களும் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். சங்கரன்கோவிலில் இதற்கெல்லாம் ஒரு வழி உண்டு. ஊரில் எல்லோரும் செய்வது. பாம்பு கண்ணில் பட்டால் கோயில் வாசலில் தகட்டில் செய்த பாம்பு உருவை வாங்கி, தலையைச் சுற்றி அம்மன் உண்டியலில் போடுவார்கள். தேள் வந்தால் தேள் உரு. போட்ட பிறகு அந்த ஜந்து வீட்டுப் பக்கம் வராது. கோமதித்தாய் போய் விசாரித்தாள். பாம்பு, தேள், பூரான் இருந்தன; கல்பூச்சி இல்லை. பூரானைப் போட்டால் பூரான்தான் போகும். அவள் ஒழுங்கு தவறாத மனுஷி. மனுவில் பெயரை மாற்றி எழுதிவிட்டு அதிகாரியைக் குறை சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. தானே விளக்குமாற்றால் அடித்த அளவுக்கு அச்சு அசலான உரு வீட்டில் இருக்கும்போது வேறு எதற்கு என்று தகர டப்பாவைத் திறந்து எடுத்துக்கொண்டு போனாள். மூன்று சுற்றுச் சுற்றி, கோமதியம்மன் சந்நிதி உண்டியலில் போட்டாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கல்பூச்சிகள் கிணற்றை விட்டு வெளியேறின. கல்லுக்கடியில் இருந்தவை எல்லாம் வரிசையாகச் சுவரில் ஏறி, விளிம்பில் நின்று தோலை உரித்தன. கசங்கிய இறக்கையைக் காயவைத்து, சிவகிரி மலை இருக்கிற திசையில் பறந்துபோயின. காலையில் கிணற்றைச் சுற்றி வெறும் தோல்கள் சோளப்பொரி மாதிரி குவிந்து கிடந்தன. கோமதித்தாய் அவற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, தான் செய்ததைப் பெருமையோடு புருஷனிடம் சொன்னாள். மூக்காண்டி டப்பாவைத் திறந்து பார்த்தான், மூடினான். அவனைப் பொறுத்தவரை அதைவிட மோசமான வேளை இருக்க முடியாது. மீன்களுக்குத் தின்ன ஒன்றும் இல்லை, இப்போது எந்தப் பூச்சியைப் போட்டாலும் பாய்ந்து பிடிக்கும், முள் இல்லை. கடைத்தெருவில் விற்கிற, குரவை மீன் பிடிக்கும் தடித்த முள்ளை வாங்கிக் கட்டிப் பார்த்தான். அது பெருவிரல் பருமனுக்கு வந்து, தண்ணீரில் விழுந்த இடத்திலேயே ஆணி போல உட்கார்ந்தது. பசித்த மீன்கள் நாளுக்கு ஒன்றாகக் கிழக்குச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தன. சனிக்கிழமை பதினொன்று, புதன்கிழமை ஏழு. மூக்காண்டி தினமும் காலையில் எண்ணிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை இரண்டு மீன்கள் இருந்தபோது கோயில் ஆபீசுக்குப் போனான். கிளார்க் பரமசிவன் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். உண்டியலில் தெரியாமல் விழுந்த மோதிரம், மூக்குத்தி என்று எத்தனையோ மனு பார்த்தவர் அவர். பூச்சிக்கு இதுதான் முதல் மனு.

"போட்டது போட்டதுதான் வே. திருப்பிக் கேட்டா ஜந்துவும் திரும்பி வந்துரும். அதுக்கும் சம்மதம்னு போட்டவுகளே வந்து அம்மன்கிட்ட சொல்லணும். உம்ம வார்த்த செல்லாது."

மூக்காண்டி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சொல்லாமல் இருந்தான். பூச்சி போனதில் தெருவே கோமதித்தாயைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. மூன்று வீட்டில் அவளுக்குப் பணியாரம் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவளிடம் போய் பூச்சியைத் திரும்பக் கூப்பிடு என்று எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை காலையில் கிணற்றில் ஒரே ஒரு மீன்தான் நின்றது. இருந்ததில் பெரியது, விலாவெலும்பு தெரிந்தது. அன்றைக்கு அவள் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, ஒரு பூச்சிக்காகவா இப்படிப் பட்டினி கிடக்கிறீர்கள், மலையில் பிடித்த மீன் பற்றாதா என்று கேட்டாள். அப்போது சொல்லிவிட்டான். சட்டத்தைச் சொன்னான், கோலைச் சுமந்ததைச் சொன்னான், வலையில் ஏந்தியதைச் சொன்னான். கோமதித்தாய் கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"பத்தொம்பது வருசம் மீனு நாத்தத்தோடதான வீட்டுக்கு வந்திய."

"நாத்தம் எனக்கு. மீனு தொரைக்கு."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். அடுப்படியில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். புருஷனுக்காக அழுதாளா, இத்தனை வருஷம் ஒரு கேள்வி கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அழுதாளா என்பது அவளுக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கூட்டத்தில் நின்று, தன் முறை வந்ததும் கோமதித்தாய் உண்டியல் முன்னால் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள். பரமசிவன் பக்கத்தில் இருந்தார், அதனால் அவள் சொன்னது அப்படியே பதிவாகியிருக்கிறது.

"தாயே, நான் போட்டதத்தான் கேக்கேன். பூச்சி வந்தா வரட்டும், நான் வடிகட்டிக்கிடுதேன். தெருவுக்கும் நானே பதில் சொல்லிக்கிடுதேன்."

பகல் பதினொரு மணி இருக்கும். உண்டியலின் வாயில் முதலில் இரண்டு மீசை தெரிந்தது. பிறகு தலை, பிறகு கவுதாரி இறகுக் கால்கள். பூச்சி உண்டியலின் விளிம்பில் ஏறி, அடிவயிற்றில் முள் இருந்த காரணத்தால் கொஞ்சம் நொண்டியபடி நடந்து, கோமதித்தாயின் முந்தானைக்குள் இறங்கியது. இறங்கிய பிறகு நூலும் ரோமமுமாக அசையாமல் கிடந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் முந்தானையை உதறவில்லை. பரமசிவன் ஒரு தாளில் 'பூச்சி ஒன்று, முள்ளோடு, பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த ஆளை வரச்சொன்னார். அவள் வீட்டுக்கு வந்தபோது குடத்தின் விளிம்பில் இறக்கை முளைத்த கல்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் கிணற்றுக்குள் இறங்கினார்கள். அவள் அதுவரை அந்தக் கிணற்றில் இறங்கியதில்லை. வலைக்குப் பதிலாக மீனை ஏந்தக் கொண்டுவந்த ஓலைப்பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு கடைசிப் படியில் நின்றாள். கடைசி மீன் மேற்குச் சுவரோரம் ஒரு கல்லுக்குப் பின்னால் நின்றது. மூக்காண்டி பூச்சியைச் சுவரை ஒட்டிப் போட்டான். அது மூழ்கி, கல்லோடு கல்லாக உருண்டு வந்தது. இழுக்கவில்லை, தூக்கவில்லை, பூச்சி போகிற வேகத்துக்குக் கோலின் நுனியைக் கூடவே கொண்டுபோனான். கல்லுக்குப் பக்கத்தில் நூல் ஒரு கணம் நின்றது. நிமிர்த்தினான். கோல் வளைந்தது.

அப்போது நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பான விஷயம். மலையில், துரை சுருட்டுப் பற்றவைக்கவோ பாறையைத் தாண்டவோ கோலை இவனிடம் கொடுத்திருக்கும் நேரத்தில் மீன் கடித்துவிட்டால், அதே நொடியில் கோலைத் துரை கையில் சேர்த்துவிட வேண்டும். கை அதற்குப் பழகியிருந்தது. மீன் மாட்டியது தெரிந்ததும் மூக்காண்டியின் கை தானாகக் கோலை வலது பக்கம் நீட்டியது. இன்னொரு கை பெட்டியைக் கேட்டது. வலது பக்கம் நின்றவள் கோமதித்தாய். அவள் பெட்டியை விடவில்லை, கோலை வாங்கவும் இல்லை.

"உங்க மீனு. நீங்களே பிடிங்க."

மூக்காண்டி நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டான். மீன் மேற்குச் சுவருக்குள் பாய்ந்தது. நூல் முப்பது முழம் சுவருக்குள் போனது. அங்கே ஒரு வளைவு, பிறகு ஒரு மடு, மடுவுக்கு மேலே ஒரு அருவி விழுகிற அதிர்வு எல்லாம் கோல் வழியாகக் கைக்கு வந்தன. அது எந்த ஓடை என்று அவனுக்குத் தெரிந்தது. கோலை உயர்த்திப் பிடித்து, மீன் ஓடும்போது விட்டு, நிற்கும்போது சுற்றி, எல்லாவற்றையும் துரை செய்ததைவிடச் சரியாகச் செய்தான். சுவருக்குள்ளிருந்து முதலில் நூல் வந்தது, பிறகு மூக்கு வந்தது, கோமதித்தாய் பெட்டியைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

மீன் ஒரு சாணும் நான்கு விரலும் இருந்தது. மூக்காண்டி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இதற்கு மேல் அதைத் தூக்கிக் கொடுப்பதற்கு ஆள் இல்லை. மீனைப் பிடித்தவன் அடுத்து என்ன செய்வான் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

"பொரிக்கவா, கொழம்பு வைக்கவா?" என்று கோமதித்தாய் கேட்டாள்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, படியிலேயே உட்கார்ந்தான். வெயில் கிணற்றுக்குள் இறங்கும் வரை யோசித்தான். தெருப் பெண்கள் மேலே நின்று எட்டிப் பார்த்து, மேற்கே நின்று வாளி போட்டு, கிழக்கே நின்று இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் பொரிக்கச் சொன்னான். பொரித்தாள். மேலே மொறுமொறுப்பாக இருந்தது, உள்ளே சதை கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. அயிரை அளவுக்கு வராது என்று கோமதித்தாய் சொன்னாள், மூக்காண்டியும் ஆமாம் என்றான். தலை வரைக்கும் தின்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றில் பன்னிரண்டு மீன்கள் நின்றன. கோமதித்தாய் பழைய வேட்டித்துணியில் தண்ணீரை வடிகட்டினாள், துணியில் தங்கிய பூச்சிகளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றுக்குள் உதறினாள். புருஷன் கோலை எடுத்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்துவிட்டு, கழுவ எடுத்த எண்ணெய்ச் சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்தாள்.